ணு

அந்த மார்கழியில் எங்கள் அச்சகத்தில்
‘ணு’ தீர்ந்துபோனது.

மெசெஞ்சர் வீதி, பின்கட்டு, ஈய வாசனை.
எழுத்துப் பெட்டியில் ணு-வுக்கென்று ஒரு சின்ன அறை,
நாற்பதுக்கும் குறைவாய்க் கிடக்கும்.
மற்ற வருடங்களில் அது போதும்:
அணு, நுணுக்கம், எப்போதாவது ஓர் அணுகுமுறை.

இந்த வருடம்
யாழ்ப்பாணச் செய்திக்கு இந்திய இராணுவம்,
பனாமாச் செய்திக்கு அமெரிக்க இராணுவம்.
இன்றிரவு ஒன்பது மணிக்குச் சிற்றலை கரகரத்துச் சொல்கிறது:
புகாரெஸ்ட்டில் இராணுவம்
மக்கள் பக்கம் வந்துவிட்டது.

இங்குள்ளதற்கு மட்டும் ணு செலவாவதில்லை.
இங்கே எதையும் செய்பவர்கள் ‘இனந்தெரியாதோர்’.
அந்தச் சொல்லை நூர்தீன் கோத்து
நூல் சுற்றி ஓரமாய் வைத்திருந்தான்.
கலைப்பதில்லை.
நாளைக்கும் வேண்டியிருக்கும்.

நான் செய்தி எழுதுகிறேன்.
கட்சி வகுப்பில் ஒருமுறை சொல்லித் தந்தார்கள்:
சோசலிச நாட்டில் இராணுவம் என்பது
சீருடை போட்ட மக்கள்.
அன்று மழை, தேநீருக்கு வடை இருந்தது,
குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.
அதற்குக் கீழே இப்போது எழுதவேண்டியது:
ஐந்து நாள் முன்னால் திமிசோராவில்
சீருடை போட்ட மக்கள்
சீருடை இல்லாத மக்களைச் சுட்டார்கள்.

மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஜயதிஸ்ஸ
தலையைத் தூக்காமல் கேட்டார்:
ஹமுதாவ ஹெருணாத?
இராணுவம் திரும்பிவிட்டதா?

திரும்பிவிட்டதாம்.

எப்படி?
பீரங்கியோடா? ஒவ்வொருவராகவா?
முதலில் திரும்பியவன் பக்கத்தில் நின்றவனிடம்
என்ன சொன்னானாம்?

ரேடியோ அதைச் சொல்லவில்லை.
கொடியைப் பற்றிச் சொன்னது, அதைச் சொன்னேன்:
நடுவிலிருந்த சின்னத்தை வெட்டி எடுத்துவிட்டு
ஓட்டையோடு பிடிக்கிறார்களாம்.

நடுவில் என்ன இருந்தது?

கோதுமைக் கதிர். மலை, காடு. ஓர் எண்ணெய்க் கிணறு.
மேலே நட்சத்திரம்.

நல்ல பொருள்கள்தானே, என்றார்.

அவருடைய மகன் லலந்தவை
ஐப்பசியில், பியகமவில், சோற்றுக் கோப்பையிலிருந்து
எழுப்பிக்கொண்டு போனார்கள்.
எண்தகடு இல்லாத ஜீப்.
அவன் அறைச்சுவரிலும் சிவப்பில் ஒரு நட்சத்திரம் இருந்ததாம்.
பிறகு மூன்று வாரம்
ஆற்றோரம், டயர்ச் சாம்பல்,
எந்த முகாம் வாசலிலும்
‘இங்கே அப்படி யாரும் இல்லை’.
நாங்கள் ஒரு வரி போட்டோம்.
கட்டி வைத்த சொல் இருந்ததால்
கோர்க்க நேரம் ஆகவில்லை.

இதென்ன கட்டு, என்று
அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
அவருக்குத் தமிழ் பேச வரும்,
வாசிக்க வராது.
ஈயம் தலைகீழாய் வேறு இருந்தது.

ஒரு சொல், என்றேன்.

யாருடைய பேரோ?

நூர்தீன் என்னைப் பார்த்தான்.
நான் ரேடியோவின் முள்ளைத் திருப்பினேன்,
தேவையில்லாமல்.

தலைப்பைக் கோக்கும்போது ஒரு ணு குறைந்தது.
பெட்டியைக் கவிழ்த்தோம், தரையைத் தடவினோம்,
பனாமாவைப் பிரித்தெடுக்க நூர்தீன் மறுத்தான்.
வெற்றுக் கட்டையை இடையில் செருகிக்
கைப்படி எடுத்தோம்:
புகாரெஸ்ட்டில் இரா வம்
மக்கள் பக்கம்.

இரா, என்று வாசித்தான் நூர்தீன்.
நல்ல தமிழ்தான், என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.

ஜயதிஸ்ஸ மை தடவினார்.
கட்டை அதன் இடத்திலேயே இல்லை.
நூல் மேசையில் கிடந்தது,
பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ஈயத்துண்டுகள்
ஒன்றுக்கொன்று தெரியாதவைபோல்.
தெரிந்து அவிழ்த்தாரா,
விரல் சும்மா இருக்காமல் அவிழ்த்ததா,
கேட்கவில்லை நான்.

ஊரடங்கு. விக்டோரியாப் பாலத்துப் பக்கமிருந்து
ட்ரக் ஒன்று கியர் மாற்றி வரும் சத்தம்.
நூர்தீன் விளக்கை அணைத்தான்.
சந்தியில் அது வேகத்தைக் குறைத்தது.
மூன்று பேரும் மூச்சைப் பிடித்து
கேட்டுக்கொண்டு நின்றோம்,
எந்தப் பக்கம் திரும்புகிறது என்று.